நாலு முப்பத்தைந்து வண்டி

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. முப்பிடாதியம்மனுக்கு இன்று விளக்கேற்றத் தொடங்கிவிட்டேன். நாற்பத்தெட்டு நாள், விடாமல், பொழுது சாயும் வேளையில், என் கையால். வீட்டு விலக்கு நின்று நான்கு வருடம் ஆகிவிட்டது என்ற தைரியத்தில்தான் இப்படி வேண்டிக்கொண்டேன். "நடுவுல ஒரு நாள் விட்டாலும் திரும்ப ஒண்ணுலருந்துதான் எண்ணணும், பாத்துக்கிடுங்க" என்று பூசாரி குமரேசன் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"என்ன கேட்ட? கிட்னி திரும்ப வேலை செய்யணும்னா?"

"இல்ல. இப்பம் இருக்கது போல இருந்தாப் போதும்னு கேட்டேன்."

"அப்பம் சரி. கொறச்சலாக் கேட்டா தந்துருவா" என்றார்.

இந்த நோட்டு அவருடையது. இருபத்தாறு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். வேலையை விட்டபோது எழுதாத டிரிப் ஷீட் புத்தகங்கள் நாலைந்து மிஞ்சின. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே இந்தப் படிவத்தில்தான். புறப்பாடு, சேர்தல், நிமிடம், ஏறியவர், இறங்கியவர். இப்போது புறப்பாட்டில் மெஷினில் போட்ட நேரம் எழுதுகிறேன். ஏறியவர் கட்டத்தில் போகும்போது அவர் எடை, இறங்கியவர் கட்டத்தில் வரும்போது எடை. கீழே மிஞ்சுகிற இடத்தில் மற்றது.

ஒன்றரை வருடமாக அவருக்குச் சிறுநீர் பிரிவதே இல்லை. குடிக்கிற தண்ணீரும் தின்கிறதின் அழுக்கும் உடம்பிலேயே தங்கும். திங்கள், புதன், வெள்ளி தென்காசியில் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஏழு முதல் பதினொன்று வரை.

இன்று: ஏறியது 60.8. இறங்கியது 58. டாக்டரம்மா அவருக்கு வைத்திருக்கும் எடையும் ஐம்பத்தெட்டுதான். நிமிடம் 240.

ஜூலை 24, புதன்

240. ஏறியது 60.5, இறங்கியது 58. கத்தரிக்காயை நறுக்கி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தேன். உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "கையலம்புன தண்ணி மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். விளக்கு ஆறாம் நாள்.

ஜூலை 29, திங்கள்

240. 58.

மெஷின் பார்க்கிற ஜெபக்கனி வெளியே வந்து, புதன்கிழமையிலிருந்து எங்களுக்கு மத்தியானம் ஒரு மணி முதல் ஐந்து வரை என்றாள். காலை இடத்தை வேலைக்குப் போகிற இருவருக்குக் கொடுக்கிறார்களாம். நியாயம்தான். ஆனால் ஐந்து மணிக்கு முடித்தால் அடுத்த வண்டி ஐந்து ஐம்பது. எங்கள் ஊர் வெள்ளப்பேரி வந்து சேர ஏழாகும். பூசாரி ஆறேகாலுக்கு நடையைப் பூட்டிவிடுவார். பொழுது சாய்ந்தால் வாழைத்தோட்டத்தில் பன்றி இறங்கிவிடும், அவர் காவலுக்குப் போயாக வேண்டும்.

பூசாரியிடம் போய்க் கேட்டேன். "நான் ஏத்தி வைக்கேன், நீங்க கவலப்படாதீங்க" என்றார். என் கையால் என்று அம்மனிடம் சொல்லிவிட்டேனே.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இதை அவரிடம் சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாலு முப்பத்தஞ்சுக்கு நம்ம பழைய வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும். அஞ்சு நாப்பதுக்கெல்லாம் இங்கன எறக்கி விட்டுருவான்."

ஜூலை 31, புதன்

மத்தியானம் முதல் நாள். ஒரு மணிக்குப் போட்டார்கள். கூட வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள், கிருமி சேருமாம். நடையில் பெஞ்சில் உட்கார்ந்து நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே கடிகாரம்.

நாலு எட்டுக்கு ஜெபக்கனி வந்தாள். "ஐயாவுக்குக் கெண்டைக்கால் இழுக்காம்மா. எடுத்துவிடச் சொல்லுதாரு. நாலு மணி நேரம் ஓடணும்னு சொன்னேன், கேக்கல. கையெழுத்துப் போட்டுட்டாரு."

நாலு பத்துக்கு இறக்கிவிட்டார்கள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு முப்பத்தைந்து வண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரித் தீட்டுக்குத் தலை முழுகிவிட்டு ஆறு பத்துக்கு விளக்கேற்றிவிட்டேன். பதின்மூன்றாம் நாள்.

அம்மன்தான் அவர் காலைப் பிடித்து இழுத்து என்னை நேரத்துக்குக் கொண்டு சேர்த்தாள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய வலியாக இருந்திருக்காது. வண்டியில் ஏறும்போது சாதாரணமாகத்தான் ஏறினார்.

ஏறியது 60.9. இறங்கியது 58.3. நிமிடம் 190.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றும் நாலு எட்டுக்கே கால் இழுத்தது. 190. இறங்கியது 58.4. விளக்கு ஆயிற்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தவர் அப்படியே குனிந்துவிட்டார். இடது கெண்டைக்கால். தொட்டுப் பார்த்தால் தேங்காய்ச் சிரட்டை. விரல் இறங்கவில்லை. சத்தம் போடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், கண் ஓரத்தில் தண்ணீர் நின்றது. பெருவிரலைப் பிடித்து மேலே வளைத்து, நீவி நீவி, கால் மணி நேரம் ஆயிற்று இளகுவதற்கு.

"மெஷின்லயும் இப்படித்தான் இழுக்கா?" என்று கேட்டேன்.

சுவரில் காலண்டரைப் பார்த்தார். "இதே மாதிரிதான்" என்றார்.

எப்படித் தாங்குகிறாரோ.

ஆகஸ்ட் 7, புதன்

190. திங்களன்று 185.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ரசூல் பீவி, கடையநல்லூர்க்காரி. அவள் வீட்டுக்காரருக்கு ஏழு வருடமாக டயாலிசிஸ். எங்களுடைய ஒன்றரை வருடம் ஒரு கணக்கே இல்லை என்பதுபோல எனக்கு எல்லாம் சொல்லித் தருவாள். அவர் நாலு மணி நேரம் முடிந்தும் மெஷினை விட்டு இறங்கமாட்டாராம். "இன்னும் அஞ்சு நிமிசம் கெடக்கு, ஒங்க கடியாரம் வேகமா ஓடுதுன்னு அந்தப் புள்ளயோட சண்ட போடுவாக. சீட்டுப் பிடிச்ச பஸ்ஸ விட்டு எறங்குற மாதிரி ஒங்க வீட்டுல எறங்கி ஓடுதாகளே, என்ன மைனி?"

கால் இழுப்பு என்றேன். விளக்குச் சமாசாரத்தையும் சொன்னேன்.

அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், நடையின் மூலையில் பாயை விரித்துக்கொண்டே, "நான் இங்கனயே தொழுதுக்கிடுதேன். ஒங்க அம்மனுக்கு ஆஸ்பத்திரி வாசம் ஆகாதோ?" என்று சிரித்தாள்.

வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் வீடு வரும்வரை முகம் சரியில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜெபக்கனி இன்று கொஞ்சம் கோபமாக வந்தாள். "அம்மா, கால் இழுக்குன்னு சொல்லுதாரு. நான் தொட்டுப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. இன்னும் ஐம்பது நிமிஷம் கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பாரு. டாக்டரம்மா லீவு முடிஞ்சு வந்து என்னத்தான் கேப்பாங்க."

கடிகாரத்தில் நாலு பத்து.

"அவுக ஒடம்பு அவுகளுக்குத்தானம்மா தெரியும்" என்றேன்.

இந்தப் பேச்சில் ஐந்து நிமிடம் போயிற்று. 195. ஓடித்தான் வண்டி பிடித்தோம். ஓட்டம் என்றால் நான் ஓடி வண்டியை நிறுத்தினேன். அவர் நடந்து வந்தார். டிரைவர் பழைய ஆள், "வாங்கண்ணே, ஒங்களுக்கு விசில் அடிக்காம வண்டி எடுப்பனா" என்று காத்திருந்தார். ஏறி உட்கார்ந்தும் நாலு நிறுத்தம் வரை மூச்சு வாங்கினார்.

இருபத்திரண்டாம் நாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஏறியது 61.9. இறங்கியது 59.2. நிமிடம் 185.

ஐம்பத்தெட்டுக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது. தண்ணீர்தான் காரணம். சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஒரு நாளைக்கு ஆறு என்று டாக்டரம்மா சொன்ன கணக்கு. நான் கையால் ஊற்றிக் கொடுக்கிறேன், கோடு போடுகிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாமல் குடிக்கிறார் என்றுதானே அர்த்தம்.

"தண்ணி குடிச்சியளா?"

"நீ குடுத்ததுதான்."

"எடை பொய் சொல்லுமா?"

முதுகைக் கதவு நிலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து நாளாக ஒரே அரிப்பு. நாளை முதல் ஐந்து டம்ளர்.

ஆகஸ்ட் 14, புதன்

190. 59.3.

ஜெபக்கனியிடம் கேட்டேன், "தண்ணியக் கொஞ்சம் வேகமா எடுத்தாத்தான் என்னம்மா, மூணு மணி நேரத்துலயே முடியுமே" என்று.

"ஒரு மணிக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கும்மா. வேகமா இழுத்தா பிரஷர் விழுந்துரும், நெஞ்சு தாங்காது. அதுவும் போக, தண்ணி வேற அழுக்கு வேற. ரத்தத்துல இருக்க அழுக்க மெஷின் முதல்லயே எடுத்துரும். சதைக்குள்ள கெடக்கது மெள்ளத்தான் ரத்தத்துக்கு வரும். அதுக்குத்தான் நேரம்."

தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து நான்கு டம்ளர் ஆக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. கோவிலில் கூட்டம் நெருக்கும், கொஞ்சம் முன்னால் போனால்தான் விளக்குக்கு இடம் கிடைக்கும் என்று நேற்றே வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். இன்று கால் பத்து நிமிடம் முன்னதாகவே இழுத்துவிட்டது. 180.

நல்ல தரிசனம். அம்மனுக்குச் சிவப்புப் பட்டு. கண் எடுக்க முடியவில்லை. இருபத்தொன்பதாம் நாள்.

இறங்கியது 59.6. பிரசாதப் பொங்கலை ஒரு வாய் தொட்டுவிட்டு வேண்டாம் என்றார். வாயெல்லாம் தகரத்தைச் சப்பியதுபோல இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

குடத்தை அடுக்களைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மூன்று டம்ளர்.

மத்தியானம் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனவள் பார்த்தேன். துவைகல்லில் உட்கார்ந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஈரத் துண்டின் நுனியை வாயில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எடுத்துவிட்டு மூக்கைத் துடைப்பதுபோல் துடைத்தார். பல ஊர்க் கூட்டத்தை ஒரு குரலில் பஸ்ஸுக்குள் தள்ளிய மனிதர்.

துண்டை வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

185. திங்கள் 190. இறங்கியது 60. செருப்பில் கால் நுழையவில்லை, வாரை அறுத்துக் கொடுத்தேன். விளக்கு முப்பத்துநாலு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

180. இறங்கியது 60.4.

பாதியில் பிரஷர் விழுந்து காலைத் தூக்கி வைத்தார்களாம். எனக்குப் பிறகுதான் தெரியும். ஜெபக்கனி இன்று அவரிடம் கையெழுத்து வாங்கிய நோட்டை என் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்தாள்.

வண்டியில் சன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே நிறுத்தங்களின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றும் தப்பவில்லை. நம் ஊர் வந்ததும் கண்ணைத் திறந்து, "எறங்கு புள்ள, வெளக்குக்கு நேரமாச்சு" என்றார்.

மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. இனி ஞாயிறைத் தாண்ட வேண்டும். திங்கள் வரை மெஷின் இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடியும்போது அடுக்களையில் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. ஏதோ சத்தம், கொதிக்கிற பானைக்குள்ளிருந்து வருவதுபோல. போய்ப் பார்த்தால் சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று உள்ளே போகவில்லை. உதடு நாவல்பழம். 108 வந்தது. வழியெல்லாம் அவர் வாயில் ஆக்சிஜன், என் வாயில் அம்மன் பெயர்.

நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார்கள். ஏறிய எடை 63.1. உடனே மெஷினில் போட்டார்கள். முழு நான்கு மணி நேரம். இறங்கியது 60. நாளைக்கும் மெஷினில் போட்டு மிச்சத்தை எடுக்க வேண்டுமாம்.

"தண்ணி நிறையக் குடிச்சாரா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"மூணு டம்ளர்" என்றேன். "நோட்டுல இருக்கு."

சாயங்காலம் அவரை ரசூல் பீவி பார்த்துக்கொண்டாள். நான் நாலு முப்பத்தைந்து வண்டியில் ஊருக்குப் போய், தலை முழுகி, விளக்கேற்றிவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வந்துவிட்டேன். முப்பத்தொன்பது.

போகும்போது ரசூல் பீவி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க மைனி" என்றுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காலையிலும் 240. இறங்கியது 58.4. மூச்சு சீராகிவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புமுன் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். நேற்றுத்தான் லீவு முடிந்து வந்தாராம். நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எடையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். விரல் நிமிடக் கட்டத்தில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரும்மா எழுதுனது?"

"நான்தான்."

"எந்த வகுப்பு வரை படிச்சீங்க?"

"மூணு."

"என் நர்ஸுங்க கூட இப்படி எழுத மாட்டாங்க. தண்ணி ஒரு டம்ளர் கூட விடல. எல்லாம் எழுதியிருக்கீங்க." நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "இந்தக் கட்டத்த மட்டும் கூட்டாம விட்டுட்டீங்க."

வேறு ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டுக் கூட்டினேன். ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 23 வரை பதினோரு முறை. 240-க்குக் குறைந்தது ஒவ்வொன்றாக: 50, 50, 55, 50, 45, 55, 50, 60, 50, 55, 60. இரண்டு தடவை கூட்டியும் 580 வந்தது. கீழிருந்து மேலே கூட்டினாலும் அதுவேதான்.

580 நிமிடம் என்றால் இரண்டு முழு டயாலிசிஸ், அதற்கு மேல் நூறு நிமிடம். கிட்டத்தட்ட ஒரு வாரம் அவரை மெஷினுக்கே கூட்டிப்போகாமல் வீட்டில் வைத்திருந்ததற்குச் சமம். அதோடு தண்ணீரையும் பூட்டி வைத்தேன்.

பரணில் உப்பு நாரத்தங்காய் ஜாடி இருக்கிறது. அவருக்கு ஆகாது என்று தொட்டு இரண்டு வருடம். ஒரு துண்டை எடுத்துக் கிண்ணத் தண்ணீரில் போட்டேன். சற்று நேரத்தில் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன், கரித்தது. அதைக் கொட்டிவிட்டுத் துண்டைக் கடித்தால் உள்ளே உப்பு அப்படியே இருக்கிறது. மேல் உப்பு உடனே போகும், உள் உப்பு ஊறி ஊறித்தான் வரும். நாற்பது வருடமாக இதைச் செய்கிறவள் நான். ஜெபக்கனி அன்று இதைத்தானே சொன்னாள்.

விளக்கு நாற்பது. ஏற்றிவிட்டு வெகுநேரம் நின்றேன். எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

ஒரு மணிக்குப் போட்டார்கள். ஏறியது 59.6.

மூன்றரைக்கு ஜெபக்கனியிடம் போய், "இன்னைக்கு நான் உள்ள இருக்கணும்" என்றேன். முடியாது என்றுதான் சொல்ல வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, முகக்கவசமும் மேலங்கியும் கொடுத்து, "எதையும் தொடாதீங்க" என்றாள்.

இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் அவர் படுத்திருப்பதை நான் கண்டதில்லை. ஆறு கட்டில். அவருடைய இரத்தம் குழாயில் வெளியே போய்ச் சுற்றித் திரும்பி வருகிறது. அவர் பார்வை முழுக்க எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நான் கால்மாட்டில் உட்கார்ந்ததைக் கண்டு திடுக்கிட்டார்.

"நீ எங்க புள்ள இங்கன?"

"சும்மாதான்."

நாலு ஐந்து ஆயிற்று. நாலு ஏழு. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு எட்டுக்கு, "ஏ புள்ள, கால் இழுக்கு" என்றார். "ஜெபாவக் கூப்பிடு. எடுக்கச் சொல்லு."

போர்வையை விலக்கி இடது கெண்டைக்காலைப் பிடித்தேன். பிசைந்து வைத்த மாவுபோல மெத்தென்று இருந்தது. விரல் இறங்கியது. வலது காலைத் தொட்டேன். அதுவும் அப்படியே.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்போதும் சொல்லப்போவதில்லை.

"எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "இடது."

"இழுக்கட்டும். நான் பிடிச்சு விடுதேன்."

"நீ பிடிச்சா நிக்காது புள்ள. இன்னையோட சேத்து எட்டு நாள்தான் கெடக்கு. நாப்பது நாள் ஏத்திட்டு..." என்று தொடங்கியவர் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்.

"எட்டு நாள் என்ன, அதுக்கும் பிடிச்சு விடுதேன்" என்றேன்.

பெருவிரலை மேலே வளைத்து நீவினேன், அன்று ஞாயிற்றுக்கிழமை நீவியதுபோலவே. அவரும் வலிக்கிறவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டார். ஜெபக்கனி ஒரு தடவை வந்து பார்த்தாள். எதையும் தொடாதீர்கள் என்று சொன்னவள், தன் பாட்டுக்குப் போய்விட்டாள்.

நாலு முப்பத்தைந்துக்கு வாசலில் ஹாரன் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. "நம்ம வண்டி" என்றார் மெல்ல. இன்ஜின் சத்தம் கொஞ்ச நேரம் நின்று கேட்டது. அந்த டிரைவர் எங்களுக்காகப் பார்த்திருப்பார். பிறகு கிளம்பிப் போயிற்று. என் கை அந்த நேரம் நின்றிருக்க வேண்டும்.

"ஏன் நிறுத்திட்ட, இழுக்குல்லா" என்றார்.

திரும்பவும் நீவினேன். சாயங்கால வேளை அம்மன் முகத்தில் விழுகிற வெளிச்சம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. விளக்குக்கு எண்ணெய் விடுகிற நேரம், திரியைத் தூண்டுகிற நேரம் எல்லாம் அந்தக் காலைப் பிடித்தபடியே கழிந்தது. அழுகை வந்தது. முகக்கவசம் இருந்ததால் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மெஷின் மணி அடித்தது. 240. இறங்கியது 58.1.

ஐந்து ஐம்பது வண்டியில் வந்தோம். கோவிலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கம்பிக்கதவு பூட்டிக் கிடந்தது, உள்ளே இருட்டு. நின்று கும்பிடலாம் என்று செருப்பைக் கழற்றினேன்.

"பசிக்கு புள்ள" என்றார்.

மூன்று வாரத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

குடத்தை எடுத்து முன்னறையில் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். ஆறு டம்ளர். அவரே ஊற்றிக்கொண்டார், அவரே கோடு போட்டார். அளவு கூடவில்லை.

பூசாரி வீட்டு வாசலில் நின்று, "நேத்து வரலியே, ஒண்ணுலருந்து ஆரம்பிக்கியளா?" என்று கேட்டார். "பொறவு பாப்போம்" என்றேன். அம்மன் கோபித்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் இரண்டு தடவை வாங்கினார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

240. 58. நடையில் உட்கார்ந்தே நாமம் சொன்னேன். ரசூல் பீவி தன் பாயைக் கொஞ்சம் நகர்த்தி, "இங்கன வெயில் அடிக்காது மைனி" என்று இடம் விட்டாள். கால் இழுத்ததாக யாரும் வந்து சொல்லவில்லை. ஆனாலும் நாலு எட்டுக்கு எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 4, புதன்

எண்ணியிருந்தால் இன்று நாற்பத்தெட்டு.

ஏறியது 60.6. இறங்கியது 58. நிமிடம் 240. வெளியே வந்தவர் பஞ்சை அழுத்திக்கொண்டே, ஐந்து ஐம்பது வண்டியில் புது கண்டக்டர் சரியில்லை, மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு மறந்ததுபோல நடிக்கிறான், இன்று பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கால் இழுப்பு: இல்லை.